உதவி: 2 எம்பி படத்தைப் பார்த்து 12.5 எம்பிக்கு மேலன்னுது விக்கி

தண்டையார்பேட்டைக்காரன்:
வடசென்னைப் பழைய இடங்களுக்காக நாலு பேர் சேர்ந்து மீடியாவிக்கியில (விக்கிப்பீடியா ஓடுற அதே மென்பொருள்) ஒரு சின்ன தளம் நடத்துறோம். ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளத்துக்கு ஒரே சர்வர்), காசு பங்கு போட்டுக் கட்டுறது. போன ஞாயிறு ராயபுரம் ஸ்டேஷன் (1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின இடம்), காசிமேடு மீன் ஏலம்னு சுத்தி 180 படம் எடுத்தோம். என் போன்ல எடுத்தது ஒழுங்கா வருது. கூட வந்த தம்பி புது போன்ல எடுத்தது ஒண்ணுகூட கட்டுரைக்குள்ள தெரியல. "12.5 எம்பிக்கு மேல"ன்னு ஒரு வரி மட்டும் நிக்குது. ஆப்ல போட்டு 14 எம்பியை 2 எம்பி ஆக்கி அதே பேர்ல மறுபடி ஏத்தினேன். அப்பவும் அதே வரி! போதாததுக்கு சர்வர்ல இடம் வேற கூடிக்கிட்டே போகுது.

ராயபுரம்_ரவுண்டானா:
பிஎச்பியில (மீடியாவிக்கி எழுதின மொழி) அப்லோட் அளவு 2 எம்பின்னுதான் முதல்லயே இருக்கும். அதை ஏத்துங்க ப்ரோ.

தண்டையார்பேட்டைக்காரன்:
20 ஆக்கியாச்சு ப்ரோ. படம் ஏறிடுது, காட்டத்தான் மாட்டேங்குது.

வியாசர்பாடி அண்ணன்:
தம்பி, ரெண்டையும் எம்பின்னே சொல்றோம்ல, அதான் வினை. விக்கி சொல்றது மெகாபைட் இல்ல, மெகாபிக்சல். உன் போன் படம் 4000 × 3000 இருக்கும், அதாவது 1.2 கோடி பிக்சல். எல்லை 1.25 கோடி. மயிரிழையில தப்பிச்சிருக்க. அந்தத் தம்பி 50 மெகாபிக்சல்ல வெச்சு எடுத்திருப்பான். 8160 × 6120னா கிட்டத்தட்ட 5 கோடி.

பாயை எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் விரிச்சா அதே நீளம்தான். சிறுபடம் செய்யணும்னா சர்வர் முழுப் படத்தையும் நினைவகத்துல விரிச்சாகணும். பிக்சலுக்கு 4 பைட்னு வெச்சா 200 எம்பி. பிஎச்பி வழக்கமா குடுக்கிறதே 128. எல்லையை மட்டும் ஏத்தினா அங்க போய் விழும். சர்வர்ல இமேஜ்மேஜிக் (படத்தைச் சுருக்க, மாத்த உதவுற மென்பொருள்) ஓடினா ஜேபெக்குக்கு இந்த எல்லையே வராது, ஆனா நிறைய ஷேர்டு ஹோஸ்டிங்ல அதைக் கூப்பிட விடமாட்டாங்க.

அதனால வீட்டுக் கம்ப்யூட்டர்லயே இமேஜ்மேஜிக் போட்டு, அதோட மோக்ரிஃபை கட்டளையில நீளப் பக்கம் 2000, தரம் 82ன்னு குடு. அளவுக்குப் பின்னாடி 'பெரியது' குறி (>) போட்டா சின்னப் படத்தைத் தொடாது. அளவையும் குறியையும் சேர்த்து மேற்கோளுக்குள்ள வை, இல்லன்னா ஷெல் வேற அர்த்தம் எடுத்துக்கும். மோக்ரிஃபை மூலத்து மேலயே எழுதிடும், நகல்ல ஓட்டு.

இடம் கூடுறது ஏன்னா, அதே பேர்ல ஏத்தினா பழசு போகாது, ஆர்க்கைவ் ஃபோல்டர்ல உக்காந்திருக்கும். கோப்புப் பக்கத்துல அழிச்சாலும் டெலீட்டட் ஃபோல்டருக்குத்தான் போகும். அப்படி அழிச்சதை நிஜமா ஒழிக்க மீடியாவிக்கியோட மெயின்டனன்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற டெலீட் ஆர்க்கைவ்டு ஃபைல்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டணும். அப்புறம் திரும்ப வராது, பார்த்துக்க.

தண்டையார்பேட்டைக்காரன்:
அண்ணே, சூப்பர்! 5 கோடி பிக்சல் இப்ப 30 லட்சமாச்சு, எல்லாம் தெரியுது. ஒரே கூத்து, ஸ்டேஷன் தூண் பாதி படத்துல படுத்துக்கிட்டிருக்கு. லொகேஷன் தெரியக் கூடாதுன்னு, படத்துக்குள்ள இருக்கிற குறிப்பெல்லாம் அழிக்கிற 'ஸ்ட்ரிப்' சேர்த்தேன், அதாலயா?

வியாசர்பாடி அண்ணன்:
அதேதான். எந்தப் பக்கம் மேலன்ற குறிப்பும் அதோட போயிடும். படத்தையே நேரா திருப்பி வைக்கிற 'ஆட்டோ ஓரியன்ட்' முதல்ல, 'ஸ்ட்ரிப்' அப்புறம். நகல்லதானே ஓட்டின?

தண்டையார்பேட்டைக்காரன்:
நகல்லதான்ணே. மறுபடி ஓட்டிட்டேன், தூண் எழுந்து நின்னுடுச்சு.