விபத்தில் காலை இழந்த பின் விருப்ப ஓய்வில் கையெழுத்திட்டுவிட்டேன். வேலையைத் திரும்பப் பெற வழி உண்டா?

கேள்வி:
அரசுப் பொதுத்துறை ஆலை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக ஃபிட்டராக இருக்கிறேன். சென்ற ஆண்டு சாலை விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. செயற்கைக் காலுடன் திரும்பியபோது, மருத்துவக் குழு ‘ஃபிட்டர் பணிக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதிவிட்டது. பணியாளர் பிரிவில், ஏற்கெனவே தட்டச்சு செய்து என் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டினார்கள்; பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை நினைத்துக் கையெழுத்திட்டேன். ஏற்பு ஆணை இன்னும் வரவில்லை. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பதிவேடு எழுத என்னால் முடியும்.

பதில் 1:
ஐயா, ஆணை வருவதற்குள், இன்றே, அக்கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 20(4) பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. பழைய பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்கலாம். ‘தகுதியற்றவர்’ என்ற சான்று உங்களை வெளியேற்றுவதற்கான ஆவணம் அன்று. மாற்றுப் பணி தரும் கடமை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

கையெழுத்திட்டதற்காக மனம் தளர வேண்டாம். பார்வையை இழந்த லைன்மேன் பகவான் தாஸ் தாமே ஓய்வு கேட்டு எழுதியிருந்தும், உரிமை அறியாதவரின் கடிதத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாதென்று 2008இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மின்வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது மாற்றுத்திறனாளிகளுக்கான முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு. இன்றைய 20(4) அதே பாதுகாப்பின் தொடர்ச்சி.

பதில் 2:
தொழிற்சங்கத்தில் இத்தகைய மனுக்களை எழுதி வருகிறேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. பலன் இல்லையென்றால், ஆலை மத்திய அரசுடையதாயின் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமும், மாநில அரசுடையதாயின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் செல்லலாம். ஆணையர் தருவது பரிந்துரைதான் என்பதால், ஓய்வு ஆணை வந்துவிட்டால் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதே நல்லது. மாற்றுத்திறனாளி என்ற முறையில் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மனுவில் ஸ்டோர்ஸ் பணியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ஏதாவது வேலை’ என்று எழுதினால் ‘காலியிடம் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திரும்பப் பெறும் கடிதத்தை இன்று காலை கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். புகார் மனுவை நாளை கொடுக்கிறேன்.