'மத்ருகாதா' என்பது இரவா, விடியலா?

கேள்வி:
கிரனாடாவில் தங்கி ஆறு மாதமாக ஸ்பானிய மொழி கற்றுவருகிறேன். மாட்ரிட்டிலிருந்து வரவிருந்த நண்பர், 'எல் சாபதோ தே மத்ருகாதா' வந்து சேர்வதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அது சனிக்கிழமை இரவு என்று எண்ணி நான் நிம்மதியாக உறங்கிவிட்டேன். அவரோ வெள்ளி இரவு கழிந்து 1 மணிக்கே பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்றிருக்கிறார். என்னிடமுள்ள சிறு அகராதி 'விடியல்' என்கிறது. 1 மணிக்கு எங்கே விடிகிறது? இச்சொல்லைத் தமிழில் 'வைகறை' எனலாமா?

மறுமொழி 1:
விடியல் என்ற பொருளும் உண்டு என்பதால் அகராதியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அன்றாட வழக்கில் நள்ளிரவு 12 மணி முதல் பொழுது புலரும்வரை உள்ள நேரம் முழுவதுமே மத்ருகாதாதான். நம் சிறுபொழுதுக் கணக்கில் வைகறை 2 மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆகவே 3 மணிக்கு அது பொருந்தும், பன்னிரண்டரைக்குப் பொருந்தாது. 'பின்னிரவு' என்பதே நெருக்கமான சொல். 3 மணியை 'லாஸ் த்ரேஸ் தே லா மன்யானா', அதாவது 'காலை மூன்று', என்றாலும் பிழையில்லை.

மறுமொழி 2:
வினைச்சொல்லையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். 'மத்ருகார்' என்றால் அதிகாலையில் எழுதல். 3 மணிவரை உறங்காமல் விழித்திருந்தால் அது 'த்ரஸ்னோச்சார்'. இரண்டையும் குழப்பினால் ஊர்சுற்றி, உழைப்பாளி ஆகிவிடுவார். முந்தி எழுபவருக்குக் கடவுள் துணை என்று ஸ்பானியர்களிடம் ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு முந்தி எழுந்தாலும் பொழுது முந்தி விடியாது என்று அதற்கு எதிர்மொழியும் உண்டு. எனக்குப் பிடித்தது பின்னதே. உச்சரிப்பில் 'கா' அழுத்தம் பெறும். கடைசி 'தா'வை 'அது' என்பதில் வரும் தகரம்போல மென்மையாக ஒலித்தால் போதும்.

மறுமொழி 3:
கிழமைக் குழப்பம் தீர, செவில்லா நகரைப் பாருங்கள். அங்கே புனித வாரத்தில் பெரிய வியாழன் இரவு கடந்து, மக்கரேனா, த்ரியானா என்ற பகுதிகளின் மரியன்னை திருவுருவங்கள் பவனி வரும் இரவுக்கு 'லா மத்ருகா' என்றே பெயர்; பேச்சுவழக்கில் கடைசி 'த' கரைந்துவிட்டது. மக்கள் வியாழன் மாலை முதலே தெருவில் காத்து நின்றாலும், அது பெரிய வெள்ளியின் மத்ருகாதாவாகவே எண்ணப்படும். உங்கள் நண்பர் சொன்னதும் சரியே. ஐயமின்றிச் சொல்ல விரும்புவோர் 'லா நோச்சே தெல் வியெர்னெஸ் அல் சாபதோ', அதாவது வெள்ளிக்கும் சனிக்கும் இடைப்பட்ட இரவு, என்று எழுதுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த முறை அப்படியே எழுதுமாறு அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அவர் மறுபடி வருவதாக இருந்தால்.