அமெரிக்கக் குடும்பப் பாட்டுக்குழு ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் 1972-இல் பாடிய 'ஐல் டேக் யூ தேர்' காஸ்பெல்லா, அதாவது தேவாலயப் பக்திப் பாட்டா, இல்லையா?

ஊசிமுனை:
ஸ்டேப்பிள் குடும்பத்தின் 'அன்கிளவுடி டே' 1956-இல் வீ-ஜே இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. அப்பா பாப்ஸின் கிட்டார் குளத்தில் விழுந்த விளக்கொளி போல நடுங்குகிறது. பிறகு மகள் மேவிஸின் குரல் அடிவயிற்றிலிருந்து எழுகிறது. அப்போது அவருக்கு 17 வயது. ஆண் பாடுவதாகவே பலர் நினைத்தார்கள். 1968-இல் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனபின் எல்லாம் மாறிவிட்டது. 1972-இன் 'ஐல் டேக் யூ தேர்' ஆட்டப் பாட்டு. அதில் இயேசுவின் பெயரே வராது.

அடித்தாளம்:
பெயர் சொன்னால்தான் பக்தியா? யாரும் அழாத, கவலையில்லாத ஓரிடத்துக்கு அழைத்துப்போகிறேன் என்கிறார் மேவிஸ். அது எந்த ஊர் என்று நினைத்தீர்கள்? பாட்டில் சரணம் என்று பெரிதாக எதுவுமில்லை. அவர் அழைக்கிறார், மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனையேதான்.

ஊசிமுனை:
அதே பாட்டில் மேவிஸ் 'டாடி' என்று கூப்பிட்டதும் கிட்டார் வருகிறதே, வாசிப்பது அப்பா அல்ல. மஸ்ல் ஷோல்ஸ் ஸ்டூடியோ கலைஞர் எடி ஹிண்டன். தொடக்க இசையோ 1969-இல் ஜமைக்காவின் ஹாரி ஜே குழு வெளியிட்ட 'லிக்விடேட்டர்'. குடும்ப ஆராதனை என்கிறீர்கள், அப்பாவின் கிட்டாரையே காணோம்!

அடித்தாளம்:
கிட்டார் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் பாப்ஸ் கிட்டார் பழகியது எங்கே? மிசிசிப்பியில், சார்லி பாட்டன் கறுப்பின மக்களின் துயர இசையான ப்ளூஸ் வாசித்துத் திரிந்த டாக்கரி பருத்தித் தோட்டத்தில். நீங்கள் கும்பிடும் அந்த நடுக்கமே பாதி ப்ளூஸ்தான் ஐயா.

மூன்றாம்பெஞ்சு:
இருவரும் 1968-ஐயே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1965-இல், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான செல்மா நடைபயணம் முடிந்த அடுத்த மாதம், சிகாகோ தேவாலயத்துக்குள்ளேயே 'ஃப்ரீடம் ஹைவே' பாடிப் பதிவு செய்தார்கள். லிட்டில் ராக் பள்ளிக்குள் விடாமல் தடுக்கப்பட்ட 9 கறுப்பினப் பிள்ளைகளை நினைத்து பாப்ஸ் எழுதிய இன்னொரு பாட்டு 'ஒய் ஆம் ஐ ட்ரீட்டட் ஸோ பேட்', மார்ட்டின் லூதர் கிங் விரும்பிக் கேட்டது. தெருவில் நடந்தது முன்பே கோயிலுக்குள் வந்துவிட்டது.

ஊசிமுனை:
போராட்டப் பாட்டை நான் எங்கே குறை சொன்னேன்? ஒடுக்கப்பட்டவனின் முறையீடு வேதத்திலேயே இருக்கிறது. 1975-இன் 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' பற்றிப் பேசுங்கள். கர்டிஸ் மேஃபீல்ட் ஒரு படத்துக்கு எழுதிய கட்டில் பாட்டு. பாப்ஸே பாடத் தயங்கினார். அதுவும் அமெரிக்காவில் முதலிடம்!

அடித்தாளம்:
அதைக் காஸ்பெல் என்று நானும் சொல்லமாட்டேன். 1975-இல் செய்ததற்கு 1972-ஐத் தண்டிப்பது என்ன நியாயம்? இன்றிரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த 1972 பாட்டில் டேவிட் ஹூட்டின் பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள். பிரசங்கியாரின் பின்னால் சபை தலையாட்டுவது தெரியும்.

ஊசிமுனை:
கேட்டேன், மூன்று முறை. ஹூட் அருமையாக வாசிக்கிறார். என் காலும் தாளம் போட்டது. ஆட்டப் பாட்டுதான்.