டி.சி.-3 இடப்பக்கம் இழுப்பது ஏன்?

கேள்வி: வீட்டுக் கணினியின் சிமுலேட்டரில், 1935-இல் முதன்முதலாகப் பறந்த டி.சி.-3 விமானத்தைக் சேலம் விமான நிலையமான காமலாபுரம் ஓடுபாதையிலிருந்து ஏற்காட்டை நோக்கி எழுப்ப முயலும்போதெல்லாம், அது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்தரையில் இறங்கிவிடுகிறது. என் பிழை என்ன, ஐயா?

மறுமொழி: இரண்டு புரொப்பெல்லர்களும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகவே சுழல்வதாலும், வால் தாழ்ந்திருக்கையில் அவற்றின் கீழிறங்கும் வலப்பக்க அலகு (பிளேடு) கூடுதலாக இழுப்பதாலும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். வால் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைப் பதறாமல் உயர்த்தி, மூக்கை வலப்பக்கம் திருப்பும் வலது சுக்கான் மிதியைச் சற்று முன்கூட்டியே அழுத்துங்கள்.

மற்றொரு மறுமொழி: ஜாய்ஸ்டிக்கை மட்டும் நம்பியவர்களுக்கு இது பெரும்பாடு, மிதிகள் வாங்கிய பிறகே எனக்கு வசப்பட்டது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மலையை நோக்கி நேரே செல்லாமல் சமவெளியில் வட்டமிட்டு உயரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: வால் சக்கரம் இத்தனை நாளும் பூட்டப்படாமலே இருந்திருக்கிறது! நன்றி.