தாமதமாகப் பொரித்த கர்ணப் புறாக் குஞ்சுகள் மேலே ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

சென்னை வியாசர்பாடியில் மொட்டை மாடியில் கூண்டு வைத்திருக்கிறேன். 6 கர்ணப் புறாக் (பறக்கும்போது வானில் குட்டிக்கரணம் போடும் வகை) குஞ்சுகள், செப்டம்பர் கடைசியில் பொரித்தவை. மழையால் டிசம்பர் பாதி வரை கூண்டிலேயே கிடந்தன. இப்போது மூன்றரை மாதம். திறந்துவிட்டால் 5 நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துவிடுகின்றன. ஒன்று மட்டும் கர்ணம் போடுகிறது, அதுவும் தாழ்வாக. சுவரில் மோதிவிடுமோ என்று வயிறு கலங்குகிறது.

காலையில் பசியோடு விட்டுப் பார்த்தேன். தீனியில் கம்பு தானியத்தைக் குறைத்தேன். அப்புறம் 2 பெரிய புறாக்களைச் சேர்த்துவிட்டேன். அவை ஏறின, குஞ்சுகள் ஏறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது, எச்சம் சரியாக இருக்கிறது. இறக்கை இறகுகள் உதிர்ந்து முளைக்கிற நேரம். வல்லூறு வேறு சுற்றுகிறது.

இந்த வயதில், இறகு முளைத்து முடியும்வரை அடைத்து வைக்கவா, தினமும் விட்டே பழக்கவா?