தியேட்டரில் ஹீரோ என்ட்ரியை வீடியோ எடுத்தால் மூன்று வருடம் சிறையா?

கொக்குவில்_பெடியன்:
போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் முதல் நாள் இரவுக் காட்சி. ஹீரோ வருகிற இடத்தில் சித்தியின் மகன் போனைத் தூக்கிப் பிடித்து, வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு துண்டு எடுத்தான். ரோர்ச் லைற்றோடு வந்தவர் போனை வாங்கி அதை அழித்துவிட்டு, "மூன்று வருடம் உள்ளுக்கு இருக்க வேண்டி வரும்" என்று சத்தம் போட்டார். பெடியனுக்கு இன்னும் பயம் போகவில்லை. கூட்டிப் போனது நான் என்று சித்தி என்னை ஏசுகிறா. இங்கே அப்படிச் சட்டம் இருக்கிறதா?

சட்டம்_படிக்கிறவள்:
அந்த மூன்று வருடம் இந்தியக் கணக்கு அண்ணா. 2023இல் அங்கே சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தினார்கள். கள்ளப்பிரதி எடுக்கும் நோக்கத்தோடு தியேட்டரில் பதிவு செய்தால், முயற்சி செய்தால்கூட, குறைந்தது 3 மாதம், கூடியது 3 ஆண்டு. தண்டம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். 100 கோடிப் படம் என்றால் 5 கோடி! ஆனால் அது பாக்கு நீரிணையைத் தாண்டி வராது.

இங்கே இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். தியேட்டருக்குள் கமரா என்று அதில் தனிக் குற்றம் இல்லை. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால், 178ஆம் பிரிவின்படி நீதவான் 5 லட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை பிடிபட்டால் இரட்டிப்பாகலாம். இந்தியப் படம்தானே என்று தப்பவும் முடியாது, ஒரு நாட்டுப் படைப்புக்கு மற்ற நாடுகளிலும் பதிப்புரிமைப் பாதுகாப்புத் தருகிற பேர்ண் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருக்கின்றன. ஸ்டேட்டஸ் துண்டுக்கு ஒருவர் சிறை போவார் என்று நான் நினைக்கவில்லை.

பழைய_ஒப்பரேட்டர்:
தங்கச்சி சட்டத்தைச் சொன்னா, நான் படம் ஓட்டுகிற கபின் பக்கத்தைச் சொல்கிறேன்.

இப்போது படம் பூட்டுப் போட்ட ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் வரும். திறக்கிற சாவி, நாங்கள் கேடிஎம் என்போம், அது தனி. படத்தை ஓட்டுகிற மெஷின், அதாவது இந்த சேர்வருக்கு, இத்தனையாம் திகதியிலிருந்து இத்தனையாம் திகதி வரை என்று எழுதித்தான் வரும். நேரத்துக்கு முன்னம் தலைகீழாக நின்றாலும் படம் ஓடாது. ஓடும்போது அந்த மெஷின் படத்துக்குள்ளும் சத்தத்துக்குள்ளும் ஒரு அடையாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. எந்த மெஷின், எந்த நாள், எத்தனை மணி என்பது அதில் இருக்கும். போனில் எடுத்தாலும் அது போகாது.

கள்ளப்பிரதி இணையத்தில் வந்தால், அதைப் பரிசோதித்து எந்த தியேட்டர், எந்தக் காட்சி என்று பிடித்துவிடுவார்கள். பிறகு கேள்வி பெடியனிடம் இல்லை, முதலாளியிடம். பெடியன் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வான், முதலாளிக்கு அடுத்த தீபாவளிப் படம் கிடைக்குமோ தெரியாது. ரோர்ச்சோடு வந்தவர் கத்தியது அதுக்குத்தான்.

இன்னொன்று. உண்மையான கள்ளன் ஹீரோ வரும்போது போனைத் தூக்க மாட்டான். விசிலடிக்கிற காட்சிக்கே வர மாட்டான், சத்தம் கெட்டுவிடும். கூட்டமில்லாத பகல் காட்சியில், நடு வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். பொப்கோர்ன்கூட வாங்க மாட்டான். நான் எப்போதும் அந்த ஆளைத்தான் பார்ப்பேன்.

கொக்குவில்_பெடியன்:
நன்றி அண்ணை. ஆனால் போனை வாங்கி அழிக்க அவருக்கு உரிமை இருக்கா?

சட்டம்_படிக்கிறவள்:
வெளியே போகச் சொல்லலாம், பொலிசைக் கூப்பிடலாம். நீங்களே அழியுங்கள் என்று கேட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

பழைய_ஒப்பரேட்டர்:
அதுவும் சரிதான். சித்தியிடம் சொல்லுங்கள், பிள்ளை உள்ளுக்குப் போக மாட்டான். ஆனால் பாட்டு வந்ததும் பேஸ்புக்கில் லைவ் போடுகிற கூட்டத்தோடு மட்டும் அவனைச் சேர விடாதேங்கோ. அவங்களுக்காக நான் ஒருநாளும் கதைக்க மாட்டேன்.