விண்வெளி விளையாட்டில் சரக்கு நொடியில் சேரலாமா?

தண்டையார்பேட்டை வாசகர்: நண்பர்களுடன் வடிவமைக்கும் விளையாட்டில், வெட்டிய தாது, பொருளை நொடியில் இடம்மாற்றும் டெலிபோர்ட்டர் வழியே உடனே நிலையத்தை அடைந்துவிட்டால், சரக்குக் கப்பலுக்கும் கொள்ளையருக்கும் கதையில் என்ன வேலை மிஞ்சும்?

ராயபுரம் வாசகர்: 2003இல் வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், வாங்கிய பொருளை யாரேனும் சுமந்தே தீரவேண்டும் என்பதால்தான் ஜீட்டா போன்ற பெருஞ்சந்தையும், இடத்துக்கு இடம் விலை வேறுபாடும், வழிமறிக்கும் கொள்ளையும் உயிர்ப்புடன் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளைக் காணும் நமக்குத் தூரத்தின் விலையை விளக்க வேண்டியதில்லை.

காசிமேடு வாசகர்: ஆனால் காத்திருப்பு சலிப்பூட்டும், ஐயா. எலைட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டு, வேறு நிலையத்தில் விட்ட நம் கப்பலை இருக்குமிடத்துக்கு வரவழைக்கும் வசதியை 2016இல் சேர்த்தபோது, ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்த பின்னரே தாமதத்தை வைத்தது.

தண்டையார்பேட்டை வாசகர்: அப்படியானால் டெலிபோர்ட்டருக்கு எடை வரம்பும் மின்செலவும் விதித்து, கைக்கருவிகளை மட்டும் அதில் அனுப்பி, தாதுவைக் கப்பலுக்கே விடுகிறேன்.